வெர்ஜீனியா சட்டீர்

வெர்ஜீனியா சட்டீர் (ஜூன் 26, 1916 – செப்டம்பர் 10, 1988) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமூகப்பணியாளரும் உளச்சிகிச்சையாளரும் ஆவார். ஒருவரின் உளத்துன்பத்தை அவருடைய குடும்பத்தினரோடு சேர்த்து அணுகும் குடும்ப சிகிச்சை என்னும் துறைக்கு 1950களில் அடித்தளமிட்டவர்களுள் இவரும் ஒருவர். அத்துறையின் முன்னோடிகளுள் பெரும்பாலோர் ஆண்களாகவும் மனநல மருத்துவர்களாகவும் இருந்தனர். சட்டீரோ பள்ளி ஆசிரியராகத் தொடங்கிச் சமூகப்பணி வழியாக இத்துறைக்கு வந்தவர். இவரது முறையின் எளிமைக்கும், பின்னாளில் அதன்மீது எழுந்த விமர்சனங்களுக்கும் இப்பின்னணியில் பங்குண்டு.

இளமை

விஸ்கான்சின் மாநிலத்தின் நீல்ஸ்வில் என்னும் சிற்றூரில், பண்ணைக் குடும்பமொன்றின் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராக இவர் பிறந்தார். இயற்பெயர் வெர்ஜீனியா மில்ட்ரெட் பேகன்காப்ஃப். தாயார் மருத்துவ சிகிச்சையைத் தவிர்த்து இறைவேண்டலையே நாடும் கிறித்தவ அறிவியல் சபையைச் சேர்ந்தவர். சட்டீருக்கு ஐந்து வயதானபோது குடல்வால் அழற்சி ஏற்பட்டது. மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தாயார் உடன்படவில்லை. தந்தை அதை மீறி மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. குழந்தை பிழைத்தாலும் பல மாதங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. இருவருமே தன்மீது அன்பு கொண்டவர்களாயிருந்தும் தம்முள் உடன்பட இயலாமற்போனதன் விளைவைத் தன் உடலிலேயே கண்ட குழந்தை இவர். பெரியவளானதும் பெற்றோரை ஆராயும் குழந்தைகளின் துப்பறிவாளராக வேண்டும் என்று ஐந்து வயதில் முடிவு செய்ததாகப் பின்னாளில் எழுதியுள்ளார்.

மூன்று வயதிலேயே தாமாகப் படிக்கக் கற்றுக்கொண்ட இவர், ஒன்பது வயதுக்குள் தம் ஓரறைப் பள்ளியின் நூலகத்திலிருந்த புத்தகங்கள் அனைத்தையும் படித்துவிட்டார் எனப்படுகிறது. மகளின் உயர்நிலைப் படிப்பிற்காகத் தாயாரின் வற்புறுத்தலால் 1929இல் குடும்பம் மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. பகுதிநேர வேலை செய்துகொண்டே 1932இல் பள்ளிப்படிப்பை முடித்து, மில்வாக்கி ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து 1936இல் கல்வியியலில் பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பணியும் சமூகப்பணியும்

சில ஆண்டுகள் பல ஊர்களில் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், மாலை வேளைகளில் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று பெற்றோரைச் சந்திக்கும் வழக்கம் கொண்டிருந்தார். வகுப்பில் அடம்பிடிக்கும் பிள்ளை வீட்டில் எவ்வாறு இருக்கிறது என்பதை நேரில் பார்த்ததே தமது முதற்பயிற்சி என்று இவர் கருதினார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி பயின்று, 1948இல் ஆய்வேட்டை நிறைவுசெய்து முதுகலைப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் உளச்சிகிச்சையில் உளப்பகுப்பாய்வே கோலோச்சியது. சிகிச்சையாளர் நோயாளியைத் தனியே காண வேண்டும். உறவினரைச் சந்திப்பது சிகிச்சையைக் கெடுக்கும் என்பது அதன் எழுதப்படாத விதி. இவ்விதியைச் சட்டீர் மீறியது கோட்பாட்டால் அன்று, ஒரு தொலைபேசி அழைப்பால். 1951இல், மனச்சிதைவு நோயுற்றவராகக் கருதப்பட்ட இளம்பெண் ஒருவருக்குச் சில மாதங்களாகச் சிகிச்சையளித்து நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார். அப்பெண்ணின் தாயார் அழைத்து, மகளைத் தன்னிடமிருந்து பிரிப்பதாகக் கூறி வழக்குத் தொடரப்போவதாக மிரட்டினார். சட்டீருக்கு அம்மிரட்டலின் அடியில் ஒரு வேண்டுகோள் கேட்டது. தாயாரையும் வருமாறு அழைத்தார். தாய் அறைக்குள் வந்ததும் மகள் முதல்நாள் இருந்த நிலைக்கே திரும்பிவிட்டார். இருவருக்குமிடையில் மெல்ல ஒரு சமநிலை உண்டானபின் தந்தையை அழைக்க, அச்சமநிலையும் குலைந்தது. பின்னர் வீட்டின் செல்லப்பிள்ளையான மகனும் வந்தபோது மீண்டும் அதுவே நிகழ்ந்தது. தாம் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது ஒரு முழு அமைப்பின் ஓர் உறுப்பை மட்டுமே என்பதை இதிலிருந்து சட்டீர் உணர்ந்தார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துவது தேவை. குடும்பத்தின் பேச்சுமுறையே மனச்சிதைவு நோயை உண்டாக்குகிறது என்ற கருத்து 1950களில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. மரபணு மற்றும் மூளை சார்ந்த காரணிகளுக்கு அந்நோயில் பெரும்பங்கு உண்டு என்பது இன்று ஏற்கப்படுகிறது. அப்பழைய கருத்தால் எத்தனையோ தாய்மார்கள் வீண்பழி சுமந்தனர். மேற்கண்ட நிகழ்வு, குடும்பத்தினரின் நடத்தை ஒன்றையொன்று எவ்வாறு பற்றிப் பிணைந்துள்ளது என்பதையே காட்டுகிறது; நோய்க்கான காரணத்தை அன்று.

1955இல் இல்லினாய் மாநில மனநல நிறுவனத்தில் இளம் மருத்துவர்களுக்குக் குடும்ப அணுகுமுறையைக் கற்பித்தார். பின்னர் கலிபோர்னியா சென்று, பாலோ ஆல்டோ நகரில் டான் ஜாக்சன், ஜூல்ஸ் ரிஸ்கின் ஆகியோருடன் சேர்ந்து 1959இல் மனநல ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அங்கு இவர் நடத்திய பயிற்சித் திட்டமே குடும்ப சிகிச்சைக்கான முதல் முறையான பயிற்சித் திட்டமாகச் சொல்லப்படுகிறது. 1960களின் நடுவில் எசலன் மையத்தின் பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

அணுகுமுறை

சிகிச்சைக்கு அழைத்துவரப்படுபவரைச் சட்டீர் 'சுட்டப்பட்ட நோயாளி' என்றே குறிப்பிட்டார். குடும்பம் முழுவதும் உணரும் வலியை வெளிப்படையாகக் காட்டுபவர் அவர் என்பது இதன் பொருள். ஆகவே "இவனுக்கு என்ன கோளாறு" என்ற கேள்வியை விடுத்து, இக்குடும்பத்தில் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதை முதலில் கவனித்தார். பிரச்சினை என்பது பிரச்சினையன்று, அதை எதிர்கொள்ளும் முறையே பிரச்சினை என்பது இவரது அடிப்படைக் கருத்து.

நெருக்கடியின்போது மனிதர்கள் தம்மைக் காத்துக்கொள்ள நான்கு விதமான நிலைகளை எடுக்கின்றனர் என்று இவர் வகுத்தார். இரவில் வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் மகனை நினைத்துக்கொள்ளலாம். "எல்லாம் என் தவறுதான்" என்று மன்றாடுவது இணங்கிப்போதல். இதில் ஒருவர் தம்மையே அழித்துக்கொள்கிறார். "உனக்கு வீட்டைப் பற்றி அக்கறையே இல்லை" என்பது பழிசுமத்தல், எதிரிலிருப்பவர் அழிக்கப்படுகிறார். உறக்கக் குறைவின் தீமைகளைப் பற்றி உணர்ச்சியற்ற குரலில் விளக்கவுரை ஆற்றுவது மிகைத்தர்க்கம். இருவருமே மறைந்து, சூழ்நிலை மட்டும் மிஞ்சுகிறது. திடீரென்று வேறு எதையோ பேசுவது திசைதிருப்பல். இதில் எதுவுமே மிஞ்சுவதில்லை. ஐந்தாவது நிலையைச் சட்டீர் இயைபு என்றார். சொல்லும், குரலும், முகமும், உள்ளிருக்கும் உணர்வும் ஒன்றாக இருத்தல் அது: "நீ வராததால் பயந்துபோனேன், இப்போது கோபமாகவும் இருக்கிறது."

இந்நிலைகளை இவர் விளக்கிச் சொல்வதோடு நிற்கவில்லை. குடும்பத்தினரை எழுந்து நிற்கச் செய்து, இணங்கிப்போகிறவரை மண்டியிட வைத்தும், பழிசுமத்துபவரை இடுப்பில் ஒரு கை வைத்து மறுகையால் சுட்டிக்காட்ட வைத்தும் உயிருள்ள சிலைபோல் நிறுத்தினார். சில நிமிடங்களில் முழங்காலும் தோளும் வலிக்கத் தொடங்கும். பல ஆண்டுகளாகத் தாம் இவ்வாறே வாழ்ந்து வருவதை அவ்வலி சொல்லிற்று. குடும்பச் சிற்பம் எனப்படும் இம்முறை இவரது அணுகுமுறையின் மிகப் புகழ்பெற்ற கூறாகும். குடும்ப உறவுகளின் இழுபறியைக் காட்ட ஒருவரையொருவர் கயிற்றால் இணைத்து நடக்கச் சொல்வதும் உண்டு.

மேலும், ஒருவரின் தன்மதிப்பே இந்நிலைகளைத் தீர்மானிக்கிறது என்று இவர் நம்பினார். இதை விளக்க, சிறுவயதில் பண்ணை வீட்டுத் திண்ணையில் இருந்த பெரிய இரும்புப் பானையை உவமையாக்கினார். அப்பானையில் ஒரு பருவத்தில் சோப்பு காய்ச்சுவார்கள்; கதிரடிக்க ஆட்கள் வரும்போது அவர்களுக்கான உணவு சமைப்பார்கள்; வேறு சமயங்களில் பூச்செடிகளுக்கான எரு அதில் கிடக்கும். எனவே பானையைப் பயன்படுத்த விரும்புபவர் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும்: இப்போது உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? கூச்சத்தால் தன்மதிப்பைப் பற்றிப் பேச இயலாத குடும்பங்கள், "இன்று என் பானை காலி" என்று எளிதாகச் சொல்லிக்கொண்டன.

விமர்சனங்கள்

1974இல் வெனிசுவேலாவில் நடந்த ஒரு கூட்டத்தில், மற்றொரு முன்னோடியான சல்வடோர் மினுசின் இவரது முறையைக் கடுமையாக எதிர்த்தார். குடும்ப சிகிச்சை ஒரு தொழில்நுட்பம், அது அன்பைப் பரப்பும் சமயப்பணி அன்று என்பதே வாதத்தின் சாரம். இதன்பின் சட்டீர் துறையின் மைய வட்டத்திலிருந்து விலகி, பொதுமக்களுக்கும் பயிற்சியாளர்களுக்குமான பயிலரங்குகளிலேயே கவனம் செலுத்தினார். 1977இல் அவாந்தா என்னும் பயிற்சி அமைப்பை நிறுவினார்.

இவரது முறை இவருடைய தனிப்பட்ட கவர்ச்சியையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதும், கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் மிகக் குறைவு என்பதும் நியாயமான குறைகளே. எனினும் லெஸ்லி கிரீன்பர்க், சூ ஜான்சன் ஆகியோர் 1980களில் வகுத்த, ஆய்வுகளால் நன்கு சோதிக்கப்பட்ட தம்பதியர் சிகிச்சை முறையில் சட்டீரின் தாக்கம் உண்டு. ரிச்சர்ட் பேண்ட்லர், ஜான் கிரிண்டர் இருவரும் இவரது பேச்சுமுறையை ஆராய்ந்து உருவாக்கிய நரம்புமொழி நிரலாக்கம் என்பது வேறு. அதன் கூற்றுகளுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வோர் பலர்.

பிற துறைகளில் தாக்கம்

இவரது மாற்றப் படிமம் கணினித் துறையினருக்கும் அறிமுகமானது. பழைய நிலை, அதைக் குலைக்கும் ஓர் அந்நியக் கூறு, குழப்பம், ஒன்றிணைதல், பழகுதல், புதிய நிலை என்பன அதன் கட்டங்கள். சட்டீரிடம் பயின்ற ஜெரால்ட் வைன்பர்க் 1990களில் வெளியிட்ட நான்கு தொகுதிகள் கொண்ட மென்பொருள் தர மேலாண்மை நூலில் இதனைப் பயன்படுத்தினார். புதிய மென்பொருள் ஒன்றை நிறுவிய முதல் மாதங்களில் அலுவலகத்தின் வேலைத்திறன் உயர்வதற்குப் பதில் சரிவதைக் கண்டவர்களுக்கு, குழப்பம் என்ற கட்டத்திற்கு விளக்கம் தேவைப்படாது. தாய்வான், ஹாங்காங், சீனா ஆகிய இடங்களிலும் சட்டீர் முறைப் பயிற்சி பரவலாக உள்ளது.

இறுதிக்காலமும் நூல்களும்

இருமுறை மணம்புரிந்து மணவிலக்குப் பெற்ற சட்டீர், இரு பெண்களைத் தத்தெடுத்து வளர்த்தார். 1988 மே மாதம் சோவியத் ஒன்றியத்தில் பயிலரங்குகள் நடத்தித் திரும்பிய சில வாரங்களில் கணையப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் காலமானார்.

1964இல் வெளியான கூட்டுக் குடும்ப சிகிச்சை பற்றிய நூல் பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று. 1972இல் பொதுவாசகர்களுக்காக எழுதிய 'பீப்பிள்மேக்கிங்' பெரும் வரவேற்பைப் பெற்றது. பானை உவமை இடம்பெறுவது இதில்தான். இதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு 1988இல் வெளிவந்தது. ஜான் பான்மென், ஜேன் கெர்பர், மரியா கொமோரி ஆகியோருடன் இணைந்து எழுதிய 'சட்டீர் மாடல்' இவரது மறைவுக்குப் பின் 1991இல் வெளியிடப்பட்டது.