எஞ்சினுக்குப் பின்னால் ஒரு மனிதன்

1970 மார்ச் 8, கலிஃபோர்னியா, லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். புறப்பட்ட நொடியில் டான் கார்லிட்ஸின் காரில் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வண்டி இரண்டானது. வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

அன்றைய டிராக் கார்களில் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் பின்னால். எஞ்சின் வெடித்தால் எரியும் நைட்ரோமீத்தேனும் ஆயிலும் நேரா முகத்துக்குத்தான் வரும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எஞ்சினைப் பின்னால் வைத்தால் வண்டி நேராக ஓடாது என்று நம்பினார்கள்.

கார்லிட்ஸ் வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் மெதுவாகத் திரும்பும்படி மாற்றியதும் வண்டி அடங்கியது. 1971 விண்டர்நேஷனல்ஸில் ஜெயித்தார். சில ஆண்டுகளில் டாப் ஃப்யூயல் பிரிவே மாறிவிட்டது.

எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. உயிரைக் காப்பாத்தும்னு சொன்னப்போ தயங்கியவர்கள், ஜெயிக்குதுன்னு தெரிஞ்சதும் மாறினாங்க.