தெற்கத்திக்காரன் சந்தனகன்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர்களைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. முப்பது வருஷம் பம்பாயில் இருந்தாலும் நமக்கு ஹிந்தியில் ஆண்பால், பெண்பால் பிடிபடாது. "பஸ் ஆத்தா ஹை" என்போம். கட்டிய மனைவியையே "மேரா பீவி" என்போம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நாமும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவோம்.

இந்தக் கேலி நம்மோடு ரயிலேறி வந்ததல்ல. சூத்ரகன் எழுதிய மிருச்சகடிக நாடகத்தின் ஆறாவது அங்கத்திலேயே இருக்கிறது. உஜ்ஜயினி நகரில், சிறையிலிருந்து தப்பிய ஆர்யகன் ஒரு மூடு வண்டியில் ஒளிந்து போகிறான். காவலர்களில் ஒருவனான சந்தனகன் உள்ளே எட்டிப் பார்க்கிறான். அடைக்கலம் கேட்டவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. வெளியே வந்து, ஆர்யனைப் பார்த்தேன் என்று ஆண்பாலில் வாய் தவறிச் சொல்லிவிட்டு, ஆர்யை வசந்தசேனையைப் பார்த்தேன் என்று திருத்துகிறான். கூட இருந்த வீரகனுக்குச் சந்தேகம் தட்டுகிறது. சந்தனகனோ, நாங்கள் தெற்கத்திக்காரர்கள், எங்கள் பேச்சு அப்படித்தான் தெளிவில்லாமல் இருக்கும், ஆணானால் என்ன பெண்ணானால் என்ன என்று சமாளிக்கிறான். தனக்குத் தெரிந்த பாஷைக்காரர்கள் என்று அவன் அடுக்கும் பட்டியலில் கர்நாடர், திராவிடர், சோழர் எல்லோரும் வருகிறார்கள். அதுவும் எடுபடாமல் போகவே, "கர்நாடகக் கலஹம்" என்று பெயரிட்டு ஒரு சண்டையைக் கிளப்பி விஷயத்தை மூடிவிடுகிறான்.

இந்த ஒரு காட்சியைத் தமிழ் மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது? அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

பழைய நாடகத்தை மாற்றி எழுதினால் கெட்டுவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மிருச்சகடிகத்தின் சரித்திரம் வேறு கதை சொல்கிறது. திருநெல்வேலிச் சீமை தருவை அக்ரஹாரத்தில் 1860ல் பிறந்த மஹாமஹோபாத்யாய கணபதி சாஸ்திரிகள் திருவாங்கூர் அரசின் ஸம்ஸ்கிருத சுவடிப் பதிப்புத் துறையை நடத்தியவர். 1909ல் பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் மலையாள லிபியில் எழுதிய ஓர் ஓலைக்கட்டு அவர் கையில் கிடைத்தது. அந்த இடம் இன்று கன்னியாகுமரி மாவட்டம். காளிதாசனே பெயர் சொல்லிப் புகழ்ந்தும், பிரதி கிடைக்காமல் போய்விட்ட பாஸனின் நாடகங்கள் இவை என்று அவர் நிர்ணயம் செய்து 1912 முதல் அச்சிட்டார். மொத்தம் பதிமூன்று. அவற்றுள் ஒன்று சாருதத்தம், நான்கே அங்கங்கள். மிருச்சகடிகத்தின் முதல் நான்கு அங்கங்கள் ஏறக்குறைய அதுவேதான்!

பண்டிதர்கள் சும்மா இருப்பார்களா? ஓலையில் ஆசிரியர் பெயரே இல்லை, இவை சாக்கையர்கள் மேடைக்காகச் சுருக்கிக்கொண்ட பிரதிகள் என்று ஒரு கட்சி எழுந்தது. பம்பாயில் பிறந்த வி. எஸ். சுக்தாங்கர் (பிற்பாடு பூனாவில் மஹாபாரதப் பதிப்பை நடத்தியவர்) இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, சாருதத்தத்தில் இருப்பதே பழைய வடிவம் என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் சூத்ரகன் செய்தது என்ன? பழைய நாடகத்தை எடுத்துப் பத்து அங்கங்களாக விரித்தான். ஆர்யகனின் புரட்சியைச் சேர்த்தான். தங்க வண்டி கேட்டு அழும் குழந்தையின் மண் வண்டியில் வசந்தசேனை தன் நகைகளைப் போட்டு நிரப்பும் காட்சியைச் சேர்த்தான். நாடகத்துக்குப் பெயர் தந்த மண் வண்டியே சாருதத்தத்தில் கிடையாது.

சாக்கையர் விஷயத்தையும் சொல்லவேண்டும். பண்டிதர்கள் பாஸனைத் தொலைத்துவிட்டோம் என்று வருந்திய நூற்றாண்டுகளில், கேரளக் கோயில்களில் கூடியாட்டக் கலைஞர்கள் அவருடையவை எனப்படும் நாடகங்களின் அங்கங்களைத் தனித்தனியே பிரித்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரதிஜ்ஞாயௌகந்தராயணத்தின் மூன்றாம் அங்கம் "மந்த்ராங்கம்" என்ற பெயரில் பல இரவுகள் நடக்கும். ஏட்டில் தேடினவர்களுக்குக் கிடைக்காதது கூத்தம்பலத்தில் இருந்தது.

மராத்தியர்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். 1880ல் பூனாவில் அண்ணாஸாஹேப் கிர்லோஸ்கர் சாகுந்தலத்தைப் பாட்டு நாடகமாக்கினார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கோவிந்த பல்லாள் தேவல் மிருச்சகடிகத்தை அதே பாணியில் எழுதினார். பால கந்தர்வர் வசந்தசேனையாக வேஷமிட்டார். 1958ல் ஹபீப் தன்வீர் சத்தீஸ்கர் கிராமியக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு "மிட்டி கி காடி" போட்டார். கிரீஷ் கர்னாட் 1984ல் "உத்ஸவ்" என்று சினிமாவே எடுத்தார். ஒவ்வொருவரும் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளினார்கள்.

தமிழில் முயற்சி இல்லாமலில்லை. 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரையே தமிழ்நாட்டுக் குடிமகனாக்கிவிட்டார். ஹாம்லெட் அமலாதித்யன், வெனிஸ் வாணீபுரம்! அந்த மேடையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூச்சப்படாமல் ஏறினார்கள், தீரர் சத்தியமூர்த்தி உட்பட. மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் "மண்ணியல் சிறுதேர்" என்று மொழிபெயர்த்தார். அவருக்கு ஸம்ஸ்கிருதம் கற்பித்தவர் தருவை நாராயண சாஸ்திரிகள். மறுபடியும் அதே தருவை. அருமையான செந்தமிழ். ஆனால் அது படிக்கும் தமிழ், மேடையில் பேசும் தமிழ் அல்ல. மூலத்திலோ பிராகிருத வகைகள் மட்டும் ஏழு என்று உரைகாரர் கணக்குச் சொல்கிறார். சகாரனுக்கு ஒரு பேச்சு, சூதாடிக்கு ஒரு பேச்சு, சண்டாளர்களுக்கு ஒரு பேச்சு. எல்லோரும் ஒரே நடையில் பேசினால் பாதி நாடகம் போய்விடும்.

திருடன் சர்விலகனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல அந்தணக் குலத்தவன், சுவரில் கன்னம் வைக்கிறான். அளவு நூலை மறந்துவிட்டு வந்ததால் தன் பூணூலையே உருவி அளந்து பார்க்கிறான். பூணூலின் உபயோகங்களை வேறு வரிசையாகச் சொல்கிறான். இவனைத் தஞ்சாவூர் அக்ரஹாரப் பேச்சில் பேசவிட்டால் ஷண்முகானந்தா ஹால் அதிரும். சிலர் எழுந்து போகவும் கூடும். சூத்ரகன் அதற்குப் பயப்படவில்லை.

சந்தனகன்தான் கஷ்டம். வந்தான், வந்தாள் என்று பால் பிரிப்பது தமிழிலும் உண்டு, ஆகையால் வாய் தவறுவதைக் காட்டிவிடலாம். ஆனால் மேடையில் எல்லோருமே தமிழ் பேசும்போது தெற்கத்திக்காரன் யார்? சென்னையில் போட்டால் அந்த வசனத்தை வெட்டவேண்டியதுதான். பம்பாயில் வெட்டவேண்டாம். இரண்டு காவலர்களையும் அந்த ஒரு காட்சியில் ஹிந்தியில் பேசவிடலாம். வீரகன் சுத்தமாகப் பேசட்டும், சந்தனகன் நம் பாலக்காட்டு மாமா மாதிரி, தாராவித் தமிழர் மாதிரி பேசட்டும். நம் சபாக்களில் இந்த நாடகத்தை நான் பார்த்ததில்லை. சிரிப்பு நாடகங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கினால் ஆறாவது அங்கத்தின் அந்த ஒரு காட்சியைப் போட்டுப் பார்க்கலாம். மூடு வண்டிக்கு ஒரு திரை போதும், இரண்டு காவலர்கள் வேண்டும்.