கூழைக்கும் இலக்கணம் உண்டு

லேயராக வெட்டிய கூந்தலை மீண்டும் நீள வளர்க்கும்போது, மேலடுக்கின் குட்டை முடி பின்னலில் அடங்குவதில்லை. தாராவியில் என் தாயார் அதனை ‘அரைகுறை’ என்பார். ஆயின் அதற்கு நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் ஒன்றுண்டு: கூழை. குறுமை, மகளிர் கூந்தல் என இரு பொருளும் அதற்குண்டு. அகநானூற்றின் 315ஆம் பாடலில், மகள் வளர்ந்தமைக்குத் தாய் முதலில் சுட்டும் அடையாளம் அவளது கூழை நெளிவு பெற்றமையே. யாப்பிலும், நாற்சீரடியின் முதல் மூன்று சீர்களில் மட்டும் மோனை அமைந்தால் அது கூழை மோனை. இறுதிச் சீரில் இல்லாமை பிழையன்று, தனி வகை.

இதைச் சொன்னபின், தாயார் என் காதோரக் கற்றைகளைச் சிறுபின்னலாக்கி ஹேர்பின்னால் செருகி, மாட்டுங்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தைச் சூட்டினார். மீண்டும் வெட்டிச் சமன்செய்யும் எண்ணத்தை நான் கைவிட்டேன்.