மந்தம் என்னும் முத்திரை



சிலிம் ரிவரில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் பதிவேட்டில் ‘மந்தம்’ என்று எழுதினேன். அச்சொல்லை எண்ணும்போதெல்லாம் மந்த வாயுக்களின் வரலாறு நினைவுக்கு வரும்.

இவ்வரலாறு நம் முன்னோர் மண்ணுக்கு அருகில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரில் அதனை ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்துவைத்தார். அதே ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் கிரகணத்தை நோக்கினார். அந்த மஞ்சள் கோடு ஒரு புதிய தனிமத்துக்கு உரியது என்று இங்கிலாந்தின் லாக்கியர் கருதினார். அதுவே ஹீலியம். 1895இல் வில்லியம் ராம்சே அதனைப் புவியில் கண்டார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்த ராம்சேதான் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பெங்களூரு உகந்த இடம் எனப் பரிந்துரைத்தவர்.

1894இல் ரேலியும் ராம்சேயும் கண்ட ஆர்கானின் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘சோம்பேறி’ என்று பொருள். 1898இல் கிடைத்த செனானுக்கு ‘அந்நியன்’ என்று பொருள். இவற்றின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால், இவை எதனோடும் பிணையா என்று பாடநூல்கள் முடிவுகட்டின. செனான் வினைபுரியக்கூடும் என்று 1933இல் லைனஸ் பாலிங் கணித்தார். ஆனால், அவ்வாண்டு நடைபெற்ற சோதனை கைகூடவில்லை. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தக் கதவு மூடியே கிடந்தது.

அதனைத் திறந்தவர் நீல் பார்ட்லெட். அவர் சில காலம் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்குப் பெருமை. பின்னர்க் கனடாவின் வான்கூவரில் பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு என்னும் சிவந்த வாயுவை ஆராய்ந்தார். அது ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிட்டது. அதற்கு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 1165 கிலோஜூல் ஆற்றல் தேவை. செனானுக்கு ஏறத்தாழ 1170. ‘அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?’ என்று எண்ணினார். 1962 மார்ச் 23ஆம் நாள் இரு வாயுக்களையும் கலந்தார். நொடியில் மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. மந்த வாயுவின் முதல் சேர்மம் பிறந்தது!

அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தார் செனானையும் புளோரினையும் சூடாக்கிச் செனான் டெட்ராபுளோரைடைப் பெற்றனர். 2000இல் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் அந்தச் ‘சோம்பேறி’ ஆர்கானையும் கடுங்குளிரில் பிணைத்துக் காட்டினர்.

செனான் 1962இல் மாறிவிடவில்லை. என்றும்போல் அதே செனான்தான். அதற்கு ஏற்ற துணை அமையும்வரை அதன் இயல்பை உலகம் அறியவில்லை, அவ்வளவே. ஹீலியமும் நியானும் இன்றும் எளிதில் இணங்குவதில்லை என்பதும் உண்மை. எல்லா மாணவர்க்கும் ஒரே வழி பயன்படாது.

நான் மந்தம் என்றெழுதிய அம்மாணவன், பிறிதொரு நாள் பழுதடைந்த மின்விசிறியைப் பிரித்து ஓடவைத்தான். அன்று மாலையே பதிவேட்டில் அச்சொல்லை அடித்துவிட்டு, ‘ஏற்ற பணி தரப்படவில்லை’ என்று எழுதினேன். அக்குறை அவனுடையதன்று, என்னுடையது.

தவணைப் பதிவேடு எழுதும் வேளையில், அந்த மஞ்சள் திண்மத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.