உதயகிரிக் கல்லறை

ஆங்கில நாட்டுச் சிற்றூர்த் தேவாலயங்களின் தரையிலும் சுவரிலும் பதித்த நினைவுக் கற்களைக் கொண்டே அவ்வூர்களின் வரலாற்றைப் படித்தறியலாம். வெள்ளறடைத் தமிழர்க்கும் அத்தகைய கல் தொலைவில் இல்லை. தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டையினுள், கூரையிழந்து நிற்கும் சிறு தேவாலயத்தில் அஃது உள்ளது.

அங்குத் துயில்பவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படையினர். பகைவராய் வந்தவரை ஒறுக்காது, தம் படையைப் பயிற்றும் பொறுப்பை மன்னர் அவரிடமே ஒப்படைத்தார். ‘வலிய கப்பித்தான்’ என மக்கள் அழைத்த அவர், ஏறத்தாழ 37 ஆண்டுகள் திருவிதாங்கூருக்கு உழைத்து, 1777 ஜூன் 1ஆம் நாள் மறைந்தார். 1765இல் களக்காட்டுப் போரில் வீழ்ந்த மகனும், துணைவியாரும் அருகே உறங்குகின்றனர்.

கல்லறையில் இருமொழிப் பொறிப்பு உண்டு. ஒன்று இலத்தீன், அஃது அவருடைய திருச்சபையின் மொழி. மற்றொன்று தமிழ்! ஏன் தமிழ்? படிக்க வேண்டிய மக்கள் தமிழராயிருந்தமையால் அன்றோ?

1956 நவம்பர் 1இல் வகுத்த எல்லை, கோட்டையைத் தமிழகத்திலும் நம்மூரைக் கேரளத்திலும் நிறுத்தியது. கோடு மாறினும் கல்லின் எழுத்து மாறவில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் தமிழெழுத்துக் கல்லாது வளர்வாராயின், அக்கல்லின்முன் இரண்டு மொழியும் அவர்க்கு இலத்தீனே ஆகும். கல் நிலைத்தால் போதாது; அதனைப் படிக்கும் கண்ணும் நிலைத்தல் வேண்டும்.