இருக்கை போட்டால் ஆள் வருமா? பூங்காவின் செல்வாக்கு பற்றிய ஒரு வாதமும் அதன் எடுகோள்களும்

ஒரு நகரில் இரண்டு பூங்காக்கள். ஒன்றில் எப்போதும் கூட்டம். மற்றொன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. கூட்டமுள்ள பூங்காவில் பெஞ்சுகள் நிறைய இருக்கின்றன, வெறிச்சோடியதில் ஒன்றிரண்டுதான். எனவே இரண்டாவதிலும் பெஞ்சுகள் போட்டால் மக்கள் வருவார்கள். நகர்மன்றக் கூட்டங்களில் அடிக்கடி எழும் வாதம் இது. பார்த்தால் எளிமையாகவும் நல்லெண்ணத்தோடும் இருப்பதால் யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை. பொதுப்பணம் இத்தகைய வாதங்களின் மேல்தான் செலவாகிறது என்பதால் இதை நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

விசாரணைக்கு வேண்டிய கருவி நம் கையிலேயே இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலை விளக்குகிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டி, அவை ஒவ்வொன்றிலும் நேரக்கூடிய போலிகளையும் வகைப்படுத்துகிறார். நல்ல ஏது என்பது நிறுவ வேண்டிய பொருளில் இருக்க வேண்டும்; அதையொத்த சபக்கத்தில் இருக்க வேண்டும்; அதற்கு மாறான விபக்கத்தில் இருக்கக் கூடாது. சபக்கம், விபக்கம் இரண்டிலும் காணப்படும் ஏது எதையும் நிறுவாது. அது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி. பூங்கா வாதத்தில் சபக்கம் மட்டுமே பேசப்படுகிறது. பெஞ்சுகள் இருந்தும் ஆளில்லாத பூங்கா எங்கேனும் உண்டா என்று, அதாவது விபக்கத்தில், எவரும் தேடிப் போவதில்லை.

தேடிப் போவதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நல்ல இடம். அந்த நகரை நிறுவிய வில்லியம் பென்னுக்காக நில அளவையாளர் தாமஸ் ஹோம் 1680களின் தொடக்கத்தில் வரைந்த திட்டத்தில் ஐந்து சதுக்கங்கள் இருந்தன. நடுவிலிருந்ததில் இன்று நகர மண்டபம் நிற்கிறது. மற்ற நான்கும் ரிட்டன்ஹவுஸ், வாஷிங்டன், பிராங்க்ளின், லோகன். நான்கும் ஒரே திட்டத்தில் பிறந்தவை, ஏறத்தாழ ஒரே அளவினவை, நகர மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளவை. ஆய்வாளர் ஒருவர் சோதனைக்கென்று வடிவமைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைத்திருக்க முடியாது. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட, அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றிய தம் நூலில் இந்த நான்கையும்தான் எடுத்துக்கொண்டார்.

அவர் கண்டது இது. ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தில் நாள் முழுதும் ஆட்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கடந்தார்கள், பிறகு குழந்தைகளோடு தாய்மார்கள், பிறகு மதிய உணவுக்கு அலுவலக ஊழியர்கள், பிறகு கடைக்கு வந்தவர்கள். வாஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றிக் காப்பீட்டு, பதிப்பக அலுவலகங்கள் இருந்தன. மதியம் ஒரு மணிநேரம் நிரம்பும். மற்ற நேரம் காலி. 1950களில் அது சீரழிந்தே போனது. லோகன் வாகன ஓட்டத்தின் நடுவே ஒரு தீவாகிவிட்டது. வயது ஒன்று, அளவு ஒன்று, விளைவு நான்கு. ஆக, பூங்காவின் அளவும் பழமையும் அநைகாந்திகம் என்பது ஒரே நகரத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. பூங்காவை வாழ வைப்பது அதைச் சுற்றியுள்ள தெருக்களின் பலவகைப் பயன்பாடு என்பது ஜேக்கப்ஸின் முடிவு.

நான்காவது சதுக்கமான பிராங்க்ளினைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலிவான விடுதிகள் சூழ்ந்த பகுதியில் இருந்த அது, வீடற்றோரும் வேலையற்றோரும் கூடும் இடமாக இருந்தது. ஜேக்கப்ஸ் அதை இழிவாக எழுதவில்லை. அங்கே கூடியவர்களிடையே நிலவிய இணக்கத்தைக் கவனித்தே எழுதினார். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது, அது ஆளில்லாத பூங்காவே அல்ல என்பது. நகரத்தின் பார்வையில் அது ‘மக்கள் வராத’ பூங்கா. அதாவது மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பது எண்ணத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. பூங்காவின் செல்வாக்கு பற்றிய எந்த வாதத்திலும் மிக ஆழத்தில் புதைந்திருக்கும் எடுகோள் இதுதான்.

இனி எதிர்த்தரப்பு. நியூயார்க் நகரம் 1961இல் கொண்டுவந்த மண்டல விதி, கட்டடத்தின் முன்னால் பொதுச் சதுக்கம் விட்டுக் கட்டுபவர்களுக்குக் கூடுதல் தளப் பரப்பைப் பரிசாக அளித்தது. சதுக்கங்கள் பெருகின, பலவற்றில் ஈ காக்கை இல்லை. ஏன் என்று கண்டறிய வில்லியம் எச். வைட் 1970களில் தம் குழுவோடு கேமராக்களைக் கூரைகளில் பொருத்தி மாதக்கணக்கில் பார்த்தார். வெயில் காரணமா, பரப்பு காரணமா, வடிவம் காரணமா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, எதுவும் சரியாகப் பொருந்தாமல், கடைசியில் உட்காரும் இடத்தின் அளவுக்கு வந்து சேர்ந்தார். 1975இல் விதி திருத்தப்பட்டது: சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீளமாவது உட்கார இடம் வேண்டும். பெஞ்சு வாதத்துக்கு உலகெங்கும் கிடைத்த மிகப் பெரிய சான்று இந்த ஆய்வு.

ஆனால் வைட்டின் சதுக்கங்கள் எங்கே இருந்தன? பெரும்பாலும் மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், பல்லாயிரம் ஊழியர்கள் மதியம் வெளியே வரும் தெருக்களில். ஒரு சதுக்கத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் மூன்று தெருத்தொகுதிகளுக்குள்ளிருந்து நடந்து வருபவர்கள் என்பதை அவரே குறித்திருக்கிறார். அவர் ஒப்பிட்ட சதுக்கங்கள் எல்லாவற்றுக்கும் சூழல் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது உட்புற அமைப்பு. ஜேக்கப்ஸ் ஒப்பிட்ட சதுக்கங்களிலோ அளவும் வயதும் பெருமளவு ஒத்திருந்தன, மாறியது சூழல். ஒருவர் சூழலை நிலைநிறுத்தி வைத்துக்கொண்டு இருக்கையைக் கண்டார். மற்றவர் அளவையும் வயதையும் நிலைநிறுத்தி வைத்துக்கொண்டு சூழலைக் கண்டார். எது மாறியதோ அதுவே காரணமாகத் தெரிந்தது. இரண்டும் உண்மை, இரண்டும் தத்தம் எல்லைக்குள் மட்டும் உண்மை. மன்ஹாட்டனில் பிறந்த விடையை அக்கம்பக்கமே இல்லாத புறநகர்த் திடலுக்கு எடுத்துப்போய்ப் பெஞ்சு போடுபவர், வைட்டின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய தெருக்களை விட்டுவிட்டுப் போகிறார்.

அளவீட்டிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வைட் முக்கியமாக எண்ணியது, நல்ல வானிலையுள்ள நாளில் மதிய உணவு வேளையில் உட்கார்ந்திருந்தவர்களை. உட்கார்ந்தவர்களை எண்ணினால் உட்காருமிடம் முந்தி நிற்பதில் வியப்பில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பூங்காவுக்கு மணிக்கு 60 பேர் வந்து ஆளுக்குப் பத்து நிமிடம் தங்குகிறார்கள். எந்த நொடியில் பார்த்தாலும் உள்ளே சராசரியாக 10 பேர். வேறொரு பூங்காவுக்கு மணிக்கு 12 பேர்தான் வருகிறார்கள், ஆனால் ஒரு மணிநேரம் இருக்கிறார்கள். உள்ளே எப்போதும் 12 பேர். வாசலில் நின்று எண்ணுபவருக்கு முதல் பூங்கா ஐந்து மடங்கு செல்வாக்குள்ளது. புகைப்படம் எடுப்பவருக்கு இரண்டாவதே கூட்டமானது. வருகை விகிதத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளிருப்போர் தொகை கிடைக்கும் என்ற இந்த உறவை ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். பெஞ்சு செய்யும் வேலை பெரும்பாலும் தங்கும் நேரத்தை நீட்டுவது. புதிதாக ஒரே ஓர் ஆள்கூட வராமலேயே பெஞ்சு போட்ட பூங்கா ‘பிரபலமாகிவிடும்’. நீட்டித்த அந்த நேரம் மதிப்பில்லாதது என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு வரும் முதியவருக்கு அதுவே எல்லாம். ஆனால் அதைப் புதிய வருகையாகக் கணக்கெழுதக் கூடாது.

எண்ணும் நேரமும் எண்ணும் வழியும் இதே போலத்தான். வாகன நிறுத்தத்தில் எண்ணினால் நடந்து வருபவர் விடுபடுவார். சென்னையில் பல மாநகராட்சிப் பூங்காக்கள் நெடுங்காலம் காலையும் மாலையும் மட்டுமே திறந்திருந்தன. நண்பகலில் கதவு பூட்டியிருக்கும். பூட்டிய கதவுக்கு வெளியே, மரநிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அதிலேயே சாய்ந்து கிடக்கும் ஓட்டுநர் எந்தப் பூங்காக் கணக்கிலும் வரமாட்டார். ‘மதியத்தில் யாரும் வருவதில்லை’ என்ற கூற்று அங்கே கதவைப் பற்றியதே தவிர மக்களைப் பற்றியதல்ல.

இருக்கை என்றால் பெஞ்சு என்பதும் சரிபார்க்க வேண்டியதே. 1958இல் கட்டி முடிந்த சீகிராம் கட்டடத்தின் முன்சதுக்கத்தில் பெஞ்சுகளே இல்லை. ஆனால் வைட் பார்த்தவற்றுள் மிகுந்த கூட்டம் கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. படிகளிலும் விளிம்புத் திட்டுகளிலும் மக்கள் உட்கார்ந்தார்கள். நம் ஊர்த் திண்ணையும் குளத்துப் படித்துறையும் அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை.

பெஞ்சு வாதத்தினர் கடைசியாக நீட்டும் சான்று பிரையன்ட் பூங்கா. நியூயார்க் பொது நூலகத்தின் பின்புறமுள்ள அது 1970களில் போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போனது. வைட்டின் யோசனைகளைப் பின்பற்றிச் சீரமைக்கப்பட்டு 1992இல் மறுபடி திறந்தது. எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் பச்சை நாற்காலிகள் அதன் அடையாளமாயின. உண்மைதான். ஆனால் நாற்காலிகள் மட்டுமா வந்தன? 1934இல் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்தி வேலியும் புதரும் சூழ மூடிவைத்த பூங்காவின் வாயில்கள் அகலப்படுத்தப்பட்டன, புதர்கள் நீக்கப்பட்டன, உணவுக் கடைகள், கழிப்பறை, காவலர்கள், தனி நிர்வாக நிறுவனம், அதற்குச் சுற்றுக் கட்டட உரிமையாளர்களின் பணம் எல்லாம் வந்தன. 1990களில் நகரம் முழுவதும் குற்றம் வெகுவாகக் குறைந்தது. பத்துக் காரணங்கள் ஒன்றாகக் கைகோத்து நிற்கும்போது நாற்காலியை மட்டும் தனியே இழுத்து மாலை போடுவது எப்படி? சமூகவியலாளர் ஷாரன் ஜூகின் போன்றோர் இந்த மாற்றம் யாரை உள்ளே அழைத்தது, யாரை வெளியேற்றியது என்று கேட்டதும் இங்கே சேர வேண்டும். வைட் ஆள்தொகையோடு பெண்களின் விகிதத்தையும் பார்த்தார். பெண்கள் தயங்கும் இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் கணிப்பு. வெறும் தலைக்கணக்கைவிட அது எவ்வளவோ மேலான அளவுகோல்.

பிராங்க்ளின் சதுக்கத்துக்கு மீண்டும் வருகிறேன். 2006இல் அது புதுப்பிக்கப்பட்டு, குடை ராட்டினமும் சிறு கோல்ஃப் திடலும் அமைந்து, குடும்பங்கள் தேடிவரும் இடமாயிற்று. ஒரு பக்கம் விரைவுச்சாலை, மறுபக்கம் பாலத்தின் அணுகுசாலை. சூழல் கெட்டும் பூங்கா பிழைத்ததால் ஜேக்கப்ஸ் தோற்றுவிட்டார் என்று முதலில் எண்ணினேன். அவர் அத்தியாயத்தை மீண்டும் படித்தபோது என் அவசரம் தெரிந்தது. அக்கம்பக்கம் ஆளனுப்பாத பூங்காவுக்கு, வெளியிலிருந்து ஆளை இழுக்கும் தனிப்பொருள் ஏதாவது வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். ராட்டினம் அத்தகைய பொருள். பெஞ்சு அப்படி அல்ல. பெஞ்சில் உட்காருவதற்காக யாரும் ஊரின் மறுகோடியிலிருந்து பேருந்து ஏறி வருவதில்லை.

ஆகவே பெஞ்சுக்குப் பணம் கேட்பவரிடம் நான் கேட்பது ஒரு பருவகால அவகாசம். வெறிச்சோடிய பூங்காவில் முதலில் நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போடுங்கள். அதையொத்த இன்னொரு பூங்காவில் எதையும் மாற்றாதீர்கள். இரண்டிலும் வாசலில் வருகையையும் உள்ளே இருப்பையும் தனித்தனியே, காலை முதல் இரவு வரை எண்ணுங்கள். வந்தவர் எங்கிருந்து, எப்படி வந்தார் என்று கேளுங்கள். பக்கத்துத் தெருவில் இருந்தும் வராதவரை வீட்டுக்கே போய்க் கேளுங்கள். மாலையில் நாற்காலிகள் எங்கெங்கே இழுத்துப் போடப்பட்டிருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் பெஞ்சுக்கு அடித்தளம் தோண்டும் நேரம் அதற்குப் பிறகுதான்.