சிவப்பு எண்ணெயின் கதை

ஆறு மாதத்துக்கு முன்னால், உஸ்மான் ரோடு சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது, பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி என் கார் ஓர் உதை உதைத்தது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபின் க்ளட்ச் மிதிக்க முடியாது என்பதற்காகவே செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது இதில்தான்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "கியர்பாக்ஸே போச்சு சார், மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். என் எட்டு மாதப் பென்ஷன். ஆயிலை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்றேன். "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்."

முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்தவன் நான். ஓர் உத்தரவில் 'வாழ்நாள் முழுதும்' என்று இருந்தால், யாருடைய வாழ்நாள் என்று கேட்டுத்தான் பழக்கம். இந்த எண்ணெயின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அதுதான் விஷயம். ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் 1905-ல் கப்பல்களுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். காருக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ரா-மாட்டிக்' என்ற ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தது.

இதிலுள்ள எண்ணெய்க்கு ஒரே சமயத்தில் நான்கு வேலை. என்ஜினின் சக்தியைக் கடத்த வேண்டும். அழுத்தம் கொடுத்துக் கியரை மாற்ற வேண்டும். தேய்மானத்தைத் தடுக்க வேண்டும். சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன க்ளட்ச் தகடுகள் ஒன்றையொன்று வெடுக்கென்று கவ்வக்கூடாது, வழுக்கிக்கொண்டும் இருக்கக்கூடாது. 1949-ல் இதற்கென்றே 'டைப் ஏ' என்று ஒரு தரம் வகுத்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் 'டெக்ஸ்ரான்' வந்தது.

அந்த மென்மையான பிடிப்புக்காக எண்ணெயில் எதைக் கலந்தார்கள் தெரியுமா? திமிங்கல எண்ணெய்! அம்பர்கிரீஸ் கடத்தியவர்கள் கைது என்று நம் பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அந்த அம்பர்கிரீஸைத் தரும் அதே இனத் திமிங்கலம். அது அழிந்துவருகிறது என்று 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்ட பிறகுதான் ரசாயனத்தில் மாற்று தேடினார்கள். இப்போது எல்லாம் ரசாயனம்தான். ஆனால் சூடேற ஏற அந்தச் சரக்கு தீர்ந்துபோகிறது. தீர்ந்தால் வண்டி உதைக்கும். உஸ்மான் ரோடில் நான் வாங்கிய உதைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். 'சாதாரண உபயோகத்தில் மாற்றத் தேவையில்லை.' அடுத்த பக்கத்தில் பொடி எழுத்தில்: கடும் வெயில், நின்று நின்று போகும் நெரிசல் என்றால் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவும். தி. நகரில் தீபாவளிக்கு முந்தைய வாரம் கார் ஓட்டியவர் எவரும் தன்னைச் சாதாரண உபயோகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். என் வண்டி 90,000 ஓடியிருந்தது.

ஒர்க்‌ஷாப்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அம்பாசடர், பத்மினி, இதே சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே க்ளட்ச் மிதித்து ஓட்டியவை. நம் மெக்கானிக்குகள் கெட்டியான கியர் ஆயிலில் கை நனைத்து வளர்ந்தவர்கள். இன்றோ ஆட்டோமேட்டிக்கிலேயே பல ஜாதி. 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. உண்மையில் சாதாரணக் கியர்பாக்ஸ்தான். நம் காலுக்குப் பதில் ஒரு கருவி க்ளட்சை இயக்குகிறது. பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. வேறு. என்னுடையது வேறு. ஒன்றின் எண்ணெயை இன்னொன்றில் ஊற்றக்கூடாது.

புத்தகத்தில் இருந்த தர எண்ணை எழுதிக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். முதல் கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதான் சார், செவப்பாத்தானே இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது பத்திரிகைப் படங்களில் பார்த்து ஏங்கிய கார் சித்ரோயென் டி.எஸ். 1955-ல் பாரிஸில் அறிமுகமானது. க்ளட்ச் பெடலே கிடையாது. கியர், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில். பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. ஆறே நாளில் பாரிஸ் அருகே தெகோல் மீது குண்டுமாரி; டயர்கள் கிழிந்தும் அவரைக் காப்பாற்றிக் கொண்டுபோனது டி.எஸ். கார்தான். அந்தக் காரின் எண்ணெயும் முதலில் சிவப்பு. அது ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வைத்ததால், 1960-களின் நடுவில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். சிவப்பு வண்டியில் பச்சையை ஊற்றினால் ரப்பர் சீல்கள் நாசம். நிறத்தை நம்பாதே, எண்ணைப் பார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாலாவது கடையில் சரியான எண் கிடைத்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஆயில் பானைக் கழற்றினார். வந்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில், கருகின வாசனையோடு. காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் பொடி மட்டும் இருந்தது. "சில்லு சில்லா இரும்பு இல்ல சார், பொழைச்சீங்க" என்றார். ஒரு தடவை வடித்தால் பாதி எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஃபில்டரை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை வடித்து ஊற்றினோம்.

உதை முழுக்கப் போகவில்லை. காலையில் முதல் சிக்னலில் இன்னும் லேசாக ஒரு தட்டு உண்டு. செலவு, அவர்கள் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இது எல்லா வண்டிக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். தகடு தேய்ந்துவிட்டால் எந்த எண்ணெயாலும் ஆகாது. ஆனால் கியர்பாக்ஸை மாற்றுவதற்கு முன் புத்தகத்தின் அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாளை செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வண்டி தயார்.